சும்மா நிற்கத் தெரியாதவர்

பரேடுக்காரருக்குப் புதுக் கால் பொருத்திய அன்று செயற்கைக் கால் செய்யும் அந்தப் பட்டறையே எழுந்து நின்று கைதட்டியது. எழுந்து நிற்க முடிந்தவர்கள் நின்றார்கள், தட்டக் கை இருந்தவர்கள் தட்டினார்கள். ராணுவச் சமையலறையில் மாவு பிசையும் மெஷினுக்குள் ஒரு கையை விட்டுவிட்டு வந்திருந்த சமையல்காரர் மட்டும் இருக்கிற கையால் தொடையில் தட்டினார்.

தட்டாமல் என்ன செய்வார்கள்? முதல் நாள் கால் போடுகிறவன் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் இறங்கிய கோழி மாதிரி ஒவ்வொரு அடியாக எடுத்து வைப்பான். இவர் கம்பியைத் தொடவே இல்லை. நெஞ்சை நிமிர்த்தினார், தாடையை உள்ளே இழுத்தார், டக் டக்கென்று சுவர் வரைக்கும் போனார். சுவருக்கு முன்னால் குதிகாலில் திரும்பினார். டக் டக்கென்று வந்து, கால் செய்த மேடத்தின் எதிரே நின்று ஒரு சல்யூட் அடித்தார். மேடத்தின் கையிலிருந்த, திருகு முறுக்கும் ஆலன் கீ கீழே விழுந்தது.

"எங்கயாவது வலிக்குதா சார்?"

"இல்லை மேடம்!"

"நிக்கும்போது முழங்காலை முன்னால தள்ளுற மாதிரி இருக்கா?"

"இல்லை மேடம்!"

"மெதுவாச் சொல்லுங்க சார். பக்கத்து ரூம்ல மாவுக்கட்டு மாவுல எடுத்த கால் அச்சு காயுது, நீங்க கத்துற கத்துல விரிசல் விட்டுரும்."

தள்ளத்தான் செய்தது. ஆனால் கொடுத்த சாமானைக் குறை சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது. பட்டாளத்தில் சேர்ந்த அன்று அவர் கால் அளவைவிடப் பெரிய பூட்ஸ் கொடுத்தார்கள். முனையில் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டார். பிற்பாடு அவரே பரேடு வாத்தியாராகி மைதானத்தில் நின்றபோது, பூட்ஸ் பொருந்தவில்லை என்று முணுமுணுத்த பையன்களுக்கெல்லாம், "பூட்ஸ் சரியாத்தான் இருக்கு, உன் காலைச் சரி பண்ணு" என்று பாடம் எடுத்தார். முணுமுணுப்பு என்பது அவர் அகராதியில் திருட்டுக்கு அடுத்த குற்றம்.

கால் போன கதையும் அந்த மைதானத்துச் சங்கதிதான். பார்க்கிறவர்கள் எல்லாம் "சண்டையிலயா?" என்று கண்ணை விரித்துக் கேட்பார்கள். சண்டையும் இல்லை, கிண்டையும் இல்லை. அரிசி மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று ரிவர்ஸில் வந்தது. இவர் பின்னால் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். பரேடில் கட்டளை கொடுத்தால் முதல் வார்த்தையை நீட்ட வேண்டும், இரண்டாவதை வெட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில் "வண்டீஈஈஈ..." என்று முறையாக இழுத்தார். "நில்!" என்று முடிப்பதற்குள் சக்கரம் கால் மேல் ஏறி இறங்கிவிட்டது. டிரைவர் நல்லவன். கட்டளை முழுசாக முடிந்ததும் கரெக்டாக நிறுத்தினான்.

அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே போனது. வீட்டுக்கு வந்தார். மனைவி லாரி பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில் டீக்கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னாலேயே ஒரே ஒரு அறை, அதுதான் வீடு. ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளாஸ் கழுவலாம், கல்லாவில் உட்காரலாம். டீ எடுத்துக்கொண்டு போக முடியாது. இரண்டு கையும் கோலுக்கே சரியாகப் போய்விடும்.

இப்போது எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு தையல் கம்பெனி வந்திருந்தது. தினமும் காலையிலும் மதியமும் மாடிக்கே டீ வேண்டும் என்று சூப்பர்வைசர் கேட்டிருந்தார். கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு திரியும் ஒல்லி மனிதர். "எல்லாம் வெள்ளைத் துணி. ஒரு சொட்டு மேல விழுந்தாலும் அன்னைக்கோட சரி. எங்க ஆளுங்க தண்ணி குடிச்சுக்குவாங்க" என்றும் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை முதல் நாள்.

"உங்களால கொண்டு போக முடிஞ்சாச் சரி" என்றாள் மனைவி. "இல்லேன்னா என் தம்பியை வரச் சொல்றேன். பாவம், ஊர்ல சும்மாதான இருக்கான்."

தம்பி என்றதும் பரேடுக்காரர் கழுவிய கிளாஸையே மறுபடி கழுவினார். மச்சான் ஊரில் மட்டுமா சும்மா இருப்பான், எங்கே வைத்தாலும் சும்மாதான் இருப்பான். போன தடவை பல் வலிக்கு மருந்து வாங்க வந்தவன், பல் விழுந்த பிறகும் கிளம்பவில்லை. அந்த ஒரே அறையில் ஃபேனுக்கு நேர் கீழே கால் பரப்பிப் படுத்துக்கொண்டு, எழுந்திருக்கிற நேரமெல்லாம் யோசனை சொல்வான். பாலை எப்படிக் காய்ச்ச வேண்டும், அக்கா எப்படிச் சிரிக்க வேண்டும், மாமா எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும். மேலதிகாரிகள் எத்தனையோ பேரைத் தாங்கியவர்தான் பரேடுக்காரர். அவர்களுக்கெல்லாம் இடமாற்றல் என்று ஒன்று இருந்தது.

ஆகவே புதுக் காலோடு கைதட்டலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், நிம்மதியாகக் கடை வாசலில் உடம்பைத் தளரவிட்டு நின்றார். நின்ற மறு நொடி முழங்கால் மடங்கி, பால் கேனைக் கட்டிப்பிடித்தபடி தரையில் கிடந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. கேனைப் பார்த்தேன்."

எழுந்தார். தளர்ந்தார். விழுந்தார். பிறகுதான் விஷயம் பிடிபட்டது. முழங்காலைப் பின்னால் பூட்டி விறைத்து நின்றால் கால் கல்தூண். கொஞ்சம் இளகினாலும் பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக் கீழே போட்டுவிடும். சரி, விறைப்பாகவே இருந்துவிட்டால் போகிறது என்று முடிவு செய்தார். கொடுத்த காலுக்குத் தகுந்த மாதிரி ஆளைச் சரி பண்ண வேண்டியதுதானே.

அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும் அணிவகுப்புதான். கடையிலிருந்து குழாயடிக்கு டக் டக். குழாயடியிலிருந்து கக்கூசுக்கு டக் டக், வாசலில் ஒரு திருப்பம். தெரு நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு வழி விட்டன. டயர் கடைக்காரர் அவர் கடந்து போகும்போதெல்லாம் வாயிலேயே பேண்டு வாசித்தார்.

மனைவி திட்டும்போது மட்டும் தளர்ந்து விழுந்தார், மற்றபடி நடையில் குறை ஒன்றுமில்லை. டீதான் கிளாஸில் நிற்கவில்லை. கம்பித் தட்டில் தண்ணீர் நிரப்பிய கிளாஸ்களை வைத்து ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு டக்குக்கும் கிளாஸிலிருந்து ஒரு வாய் தண்ணீர் எகிறிச் சட்டையில் விழுந்தது. டயர் கடையைத் தொடுவதற்குள் கிளாஸில் பாதிதான் மிச்சம், மீதி அவர் மேல்.

மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, டீ கொடுக்கப் போறீங்களா, கொடி ஏத்தப் போறீங்களா?"

"பழகிரும்."

"பழகுறதுக்குள்ள கம்பெனிக்காரன் சட்டையெல்லாம் டீ கலர்ல போயிரும். வாங்க, அந்த மேடத்துகிட்டயே கேட்போம்."

"கேட்க ஒண்ணும் இல்ல. கால் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப என் தம்பிக்கு போன் போட்டுர்றேன்."

பரேடுக்காரர் உடனே சட்டையை மாற்றினார். அவள் போன் ஏற்கெனவே போட்டுவிட்டாள் என்பது அவருக்குத் தெரியாது.

கால் பட்டறையில் அவர் மறுபடியும் அழகாக நடந்தார். சுவர், திருப்பம், சல்யூட். சமையல்காரர் மறுபடியும் தொடையில் தட்டினார்.

"பாருங்க மேடம், இங்க மட்டும் நல்லா நடக்கிறாரு" என்று மனைவி பொருமினாள். "வண்டியை மெக்கானிக்கிட்ட கொண்டு வந்ததும் சத்தம் நின்னு போற கதையா இருக்கு. வீட்ல வந்து பாருங்க, நிமிஷத்துக்கு ஒரு தரம் விழுறாரு."

மேடம் புருவத்தைச் சுருக்கினாள். வெள்ளைக் கோட்டு முழுக்க மாவும் பிளாஸ்டிக் சீவலுமாக இருக்கிற பெண். வெட்டுப்பட்ட காலுக்கு மாவு வைத்து அச்செடுப்பதிலிருந்து, வெட்டுப்பட்ட கால் உள்ளே உட்காரும் குழியை வார்த்து உரசி வழவழப்பாக்குவது வரை எல்லாம் அவள் கைதான். ஒருவர் கால் இன்னொருவருக்குச் சேராது, ஒவ்வொன்றும் தனித்தனி. குனிந்து பாதத்தைப் பார்த்தாள், நிமிர்ந்து ஆளைப் பார்த்தாள்.

"சார், சும்மா நில்லுங்க."

"சும்மாத்தான் நிக்கிறேன் மேடம்!"

"இதுவா சும்மா? கழுத்து நரம்பு தெரியுது. உடம்பை லூசா விடுங்க."

பரேடுக்காரர் லூசாக விட்டார். அதாவது இடது காலைத் தடாலென்று அகட்டி வைத்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அதுவும் பரேடுதான் மேடம்" என்றார் சமையல்காரர். "எங்களுக்கு ஓய்வா நிக்கிறதுக்கும் சொல்லிக் கொடுத்திருக்காங்க. இந்த மாதிரி ஓய்வுல நின்னு ரெண்டு பேரு மயக்கம் போட்டு விழுந்திருக்காங்க."

மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். நெற்றியில் மாவு ஒட்டிக்கொண்டது. "தப்பு என்னுதுதான். சார், பாதத்துக்கு மேல நாலு திருகு இருக்கு. நீங்க நிக்கிற விதத்துக்குத் தகுந்த மாதிரி அதைத் திருகித்தான் பாதத்தைச் சாய்ச்சு வைப்பேன். நீங்க என் முன்னால நின்னது மனுஷன் நிக்கிற நிலையே இல்ல, சிலை நிக்கிற நிலை. நான் சிலைக்குக் கால் பண்ணிக் கொடுத்திருக்கேன். நீங்க நெசமாவே தளர்ந்து நின்னாத்தான் திருப்பி வைக்க முடியும். தள்ளுதான்னு அன்னைக்குக் கேட்டேனே, ஏன் சார் சொல்லல?"

பரேடுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"வீட்ல எப்ப விழுவாரு?" என்று மேடம் மனைவியைக் கேட்டாள்.

"நான் திட்டும்போது."

"அப்பத் திட்டுங்க."

தினமும் பால் பொங்குவதற்கு முன்னால் பொங்குகிற அந்தப் பெண்ணுக்கு, அத்தனை பேர் முன்னால் வாயே வரவில்லை. சேலைத் தலைப்பைத் திருகினாள். "எப்படிங்க திடீர்னு... சொல்லப் போனா அவரு நல்ல மனுஷன். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பட்டாளத்துல எல்லாரும் அவரைப் பத்திப் பெருமையாத்தான்..."

பாராட்டைக் கேட்கக் கேட்கப் பரேடுக்காரரின் நெஞ்சு இன்னும் மேலே ஏறியது. மேல் பித்தான் ஒன்று தெறித்து ஓடியது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று மேடம் கத்தினாள். "கெட்டது போங்க!"

அந்த நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. தோளில் பை, அக்குளில் சொந்தத் தலையணை. மச்சான் உள்ளே வந்தான். தலையணையைப் பெஞ்சில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான்.

"கடை பூட்டிக் கிடந்துச்சுக்கா. டயர் கடைக்காரர்தான் இங்க இருக்கீங்கன்னு சொன்னாரு. மாமா, எப்படி இருக்கீங்க? இளைச்சுப் போயிட்டீங்க. கவலைப்படாதீங்க, இனிமே நான் இங்கதான்."

பரேடுக்காரர் தலையணையைப் பார்த்தார். ஒரு வாரத்துக்கு வருகிறவன் பை கொண்டு வருவான். தலையணை கொண்டு வருகிறவன் போக வருகிறவன் இல்லை. அவர் தோள் இறங்கியது. வயிறு முன்னால் சரிந்தது. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. இத்தனை வருஷத்துப் பரேடு அத்தனையும் ஓட்டை மூட்டையிலிருந்து அரிசி கொட்டுகிற மாதிரி உடம்பிலிருந்து கொட்டிப் போயிற்று. கைப்பிடிக் கம்பி மட்டும் இல்லையென்றால் ஆளும் கொட்டியிருப்பார்.

"அதேதான்! அப்படியே நில்லுங்க!" என்று மேடம் துள்ளினாள்.

கட்டளை காதில் விழுந்ததும் பரேடுக்காரர் சட்டென்று விறைத்தார்.

மேடம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆலன் கீயோடு தரையில் மண்டியிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மச்சானைப் பார்த்துக் கையால் ஜாடை காட்டினாள்: பேசு, பேசு.

பேசச் சொல்லி மச்சானை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவன் முகம் மலர்ந்தது. "எனக்குக் காத்து வேணும் மாமா, அதனால ஜன்னல் பக்கம் நான் படுத்துக்கிறேன். நீங்க சுவர்ப் பக்கம் போயிருங்க."

தோள் இறங்கியது. மேடம் ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்பினாள்.

"கடைக்கு முன்னால ஒரு பெரிய ஸ்பீக்கர் வைக்கலாம்னு இருக்கேன். காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் பாட்டு."

இடுப்பு சரிந்தது. இன்னொரு கால் சுற்று.

"அப்புறம் இந்தக் கால் விஷயம். மேடம் தப்பா நினைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளு இதைவிட நல்லாப் பண்ணுவான். மரத்துல."

மேடத்தின் கை ஒரு நொடி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள்.

"முக்கியமா ஒண்ணு. விடிகாலையில என்னை எழுப்பக் கூடாது. எனக்குத் தூக்கம் கெட்டாத் தலை வலிக்கும்."

"அப்பக் காலை டீயை யாருடா மாடிக்குக் கொண்டு போறது?" என்று அக்காள் கேட்டாள்.

"அதான் மாமா இருக்காரே."

பரேடுக்காரரிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. மூச்சென்று சொல்வதைவிட டயரில் காற்று இறங்கியது என்று சொல்லலாம். மேடம் கடைசித் திருகை முறுக்கிவிட்டு எழுந்து, கையைத் தட்டினாள். "இப்ப மச்சானோட பேசிக்கிட்டே சும்மா ஒரு நடை போயிட்டு வாங்க."

போனார்கள். மச்சான் ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்ல, இவர் முடியாது என்று தலையாட்ட, இரண்டு பேரும் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். டக் டக் இல்லை. சோம்பலான ஒரு சரக் சரக் மட்டும். சந்தைக்குப் போய் வெறும் பையோடு திரும்புகிற மனுஷன் நடை. யாரும் கைதட்டவில்லை. மனைவி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"விறைக்காதீங்க" என்று மேடம் எச்சரித்தாள். "இப்ப விறைச்சா இது உங்களைப் பின்னால தள்ளிரும்."

திங்கட்கிழமை காலை மச்சானைத் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். பரேடுக்காரர் கம்பித் தட்டோடு முன்னால் ஏற, மச்சான் பின்னால் பேசிக்கொண்டே ஏறினான். மூன்று மாடிக்கும் பேசினான். ஒரு சொட்டு சிந்தவில்லை. சூப்பர்வைசர் தட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, சர்க்கரை குறைவு என்று மட்டும் சொன்னார்.

கீழே இறங்கும்போதுதான் பரேடுக்காரருக்கு உறைத்தது. டீ போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் இவன் கூட வந்தால்தான் போகும் என்று ஆகிவிட்டதே! இதற்கு அவனே டீ கொண்டு போயிருக்கலாம். அதே அறை, அதே ஃபேன், அதே ஜன்னல். காலும் அவனுக்குத்தான் வேலை செய்கிறது.

மதியம் மச்சான் ஜன்னல் பக்கம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"எழுப்பட்டுமாங்க?"

"வேணாம். தூங்கட்டும்."

தனியாகக் கிளம்பினார். ஒரு கையில் தட்டு, ஒரு கை படிக்கட்டுக் கைப்பிடியில். முதல் மாடி வருவதற்குள் வினை ஆரம்பித்தது. சிந்தக் கூடாது, சிந்தக் கூடாது என்று நினைக்க நினைக்க முதுகு நிமிர்ந்தது. முதுகு நிமிர நிமிரக் கால் பின்னால் தள்ளியது. கிளாஸ்கள் கிணுகிணுத்தன. டீ விளிம்பு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. திருப்பத்தில் நின்றார். மச்சானை நினைத்துப் பார்த்தார். கோபம்தான் வந்தது. கோபத்தில் இன்னும் விறைத்தது. மேலேயிருந்து ஒரு தையல்கார அம்மா எட்டிப் பார்த்து, "டீ வருதா, இல்ல விதை போட்டுத்தான் முளைக்கணுமா?" என்று கத்தினாள்.

குழிக்குள் காலின் பின்பக்கம் வேறு உரசியது. முதல் நாளிலிருந்தே உரசிக்கொண்டிருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"இது என்ன படிய்யா" என்றார் பரேடுக்காரர்.

மெதுவாகத்தான் சொன்னார். படிக்கட்டில் யாரும் இல்லை. உடம்பில் எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது.

"ஒரு படி உசரம், ஒரு படி மட்டம். கட்டினவன் கண்ணை மூடிக்கிட்டுக் கட்டியிருக்கான்." ஒரு படி ஏறினார். "மூணாவது மாடியில போய்க் கம்பெனி வைக்கிறானுக. கீழ இடமா இல்ல?" இன்னொரு படி. "சர்க்கரை குறைச்சலாம். அளவு டேப்பைப் போட்டு அளந்து பார்த்தானா?" தோள் தானாக இறங்கியிருந்தது. "அந்த பூட்ஸ் சனியன். எனக்குப் பெரிசுதான். சேர்ந்த நாள்லேருந்து பெரிசு. துணியைத் திணிச்சுத் திணிச்சு விரலெல்லாம் கொப்புளம். வாயைத் திறந்தேனா? இந்தக் காலும் உரசுது. பின்னால, இடது ஓரத்துல. அரிசி லாரிக்குப் போய் ராகம் போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

வாழ்க்கை முழுக்க அடைத்து வைத்திருந்ததெல்லாம் வரிசையில் நிற்காமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியே வந்தது. ஃபேனைப் பற்றி, பல் வலியைப் பற்றி, பட்டாளத்து ரொட்டியைப் பற்றி. முணுமுணுத்துக்கொண்டே ஒருத்தர் முன்னால் தட்டை வைத்தபோதுதான் மாடி வந்துவிட்டது என்று கவனித்தார். வெள்ளைத் துணி குவியல் குவியலாகக் கிடந்தது. கிளாஸ்கள் விளிம்பு வரை நிறைந்திருந்தன.

"என்ன டீக்காரரே, வரும்போதே பொலம்பிக்கிட்டு வர்றீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"படி சரியில்ல" என்றார் பரேடுக்காரர்.

"ஆமாங்க!" என்று நாலு மெஷின் பின்னாலிருந்து ஒரே நேரத்தில் குரல் வந்தது. "நாங்களும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு." டீ குடித்து முடிக்கும் வரை படியைப் பற்றியே பேசினார்கள். அவரைப் பாதியில் விடவே மனமில்லை அவர்களுக்கு.

அவர் கீழே வந்தபோது வெற்றுக் கிளாஸ்களை மனைவி வாங்கி, சட்டையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. தரையில் எங்கேயாவது சொட்டு இருக்கிறதா என்று கட்டட வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அப்புறம் உள்ளே போய்த் தம்பியின் பையில் துணியை மடித்து வைத்தாள்.

"என்னக்கா, அதுக்குள்ளயா?"

"மாமா தனியாப் போயிட்டு வந்துட்டாருடா. நீ ஊர்ல போய் ரெஸ்ட் எடு."

பஸ் ஸ்டாண்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் பரேடுக்காரர்தான். நானே தூக்கிக்கொள்கிறேன் என்று மச்சான் சொல்லியும் கேட்கவில்லை. மச்சான் தலையணையைக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தான்.

"மாமா, மெதுவா. இந்த நடை நடந்தா உங்களுக்கு ஆகாது."

"பை கனக்குது. உள்ள என்ன கல்லா வச்சிருக்க? இந்தத் தெருவுக்கு ஒரு லைட்டாவது போட்டானா பாரு. குழி குழியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இன்னும் வேகமாகப் போனார்.

மச்சானை ஏற்றி, பையை மடியில் வைத்து, கண்டக்டரிடம் எந்த ஊரில் இறக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். நடுவில் எங்கேயும் இறக்கிவிடக் கூடாது என்றும் சொன்னார்.

"நீங்களும் ஏறுங்க டீக்கடை சார். உங்க தெரு வழியாத்தான போறோம், இறக்கி விட்டுர்றேன்" என்றார் கண்டக்டர், அவர் காலைப் பார்த்துவிட்டு.

"வேணாம்ப்பா. பட்டறைக்குப் போகணும். பின்னால உரசுது, மேடத்துகிட்ட சொல்லணும்" என்றார் பரேடுக்காரர். "நடந்தே போயிருவேன்."